பாதிப் பெயருக்கு ஒரு பிரார்த்தனை

போன வாரம் பெரெல் ஒரு தட்டு வாங்கப் போனாள். மூன்று கடை ஏறி இறங்கி, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, நீல ஓரம் போட்ட ஒரு பீங்கான் தட்டை வாங்கிவந்தாள். உடைக்கப் போகிற தட்டுக்கு இத்தனை பார்க்க வேண்டுமா என்று கேட்டார் அவள் கணவர் ஹிர்ஷ். ஹிர்ஷ் என்றால் மான். இந்த மான் மூன்று மாடி ஏறி வருவதற்குள் எல்லா வாசலிலும் நின்று ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வரும். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பெரெல் பதில் சொல்வதில்லை.

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் அந்தத் தட்டு உடைய வேண்டும்.

பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டைத் தரையில் போட்டு உடைத்துவிட்டால் நிச்சயம் முடிந்தது. அதற்கப்புறம் அந்தச் சம்பந்தத்தை முறிக்க ஜெருசலேமில் எந்த யூதனுக்கும் தைரியம் வராது. கல்யாணம் பண்ணிவைத்து விவாகரத்து வாங்கினாலும் வாங்குவார்களே தவிர, தட்டு உடைந்த பிறகு பேச்சை மாற்ற மாட்டார்கள். உடைகிற வரைக்கும்தான் பெண்ணைப் பெற்றவளுக்கு வயிற்றில் நெருப்பு.

பெரெலுக்கு அந்த நெருப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மகள் மெனுக்காவுக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் கையில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று என்று தெருவில் போகிறார்கள். இரண்டு வரன் கடைசி நேரத்தில் கலைந்துபோனது. மூன்றாவதாக வந்தவன்தான் செலிக். அவனைச் சந்தித்துவிட்டு வந்த அன்று மெனுக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். பெரெல் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்று அதைக் கேட்டாள்.

பையன் தங்கம். பையனின் அப்பா லைபிஷ்தான் ஒரு மாதிரி. லைபிஷ் என்றால் சிங்கம், மனுஷனும் அப்படித்தான். மூத்த மகனுக்குப் பெண் பார்த்து, விருந்துக்கு மீன்கூட வாங்கியான பிறகு, பெண்ணின் அப்பாவுக்கு யாரும் கூப்பிடாத இரண்டாவது பெயர் ஒன்று இருக்கிறது, அதுவும் தன் மகனின் பெயரும் ஒன்று என்று தெரிந்ததும், தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனவர். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது. மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது. இருந்தால் இருவரில் ஒருவர் நிலைக்க மாட்டார் என்பது இந்தத் தெருவில் எல்லாரும் பால்குடிக்கிற வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பயம். சில வீடுகளில் பெண்ணுக்கு இன்னொரு பெயரைச் சேர்த்து வைத்து, கொஞ்ச நாள் அந்தப் பெயரில் கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். லைபிஷ் சமாளிக்கிற ஆள் கிடையாது.

அதனால்தான் தரகு பேச வந்த ஸ்லாத்தா முதல் நாளே பெயர்களைக் கேட்டாள். பையனின் அம்மா பெயர் அல்ட்டே. பெண்ணின் பெயர் மெனுக்கா. ஒன்றோடொன்று இடிக்கவில்லை. பெரெல் நிம்மதியாக மூச்சு விட்டாள். இன்று காலை போன் அடிக்கிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

அடுப்பில் தேன் கேக் வெந்துகொண்டிருந்தது. போனில் ஸ்லாத்தா.

"அல்ட்டேவை விடியக்காலம் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க பெரெல். குடல்ல அடைப்பாம். மத்தியானம் ஆபரேஷன்."

பெரெலுக்கு முதலில் ஞாபகம் வந்தது தட்டுதான். அப்படி நினைத்ததற்காகக் கூசிப்போய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

உடம்பு மோசம்தானாம். ஆனால் நிச்சயம் நிற்கக் கூடாது என்று அல்ட்டேவே ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். தட்டை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொல்கிறாளாம், ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன்னால் உடைத்தே ஆக வேண்டுமாம். ஒத்திப்போடலாம் என்று லைபிஷ் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லையாம். இத்தனை வலியில் அவளுக்கு என்ன அவசரம் என்று ஸ்லாத்தாவுக்குப் புரியவில்லை. கடைசியில், உடைந்த துண்டில் ஒன்றைத் தனக்கு எடுத்துவைக்கச் சொன்னாள் ஸ்லாத்தா. அவள் தங்கை மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை, நிச்சயத் தட்டின் துண்டு வீட்டில் இருந்தால் அமையும் என்பது நம்பிக்கை.

பெரெல் கேக்கை இறக்கி வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். இந்தத் தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் பெண்களுக்குச் சேதி போவது பெரெலிடமிருந்துதான். வேதத்தின் துதிப்பாட்டுகளான சங்கீதப் புத்தகத்தைப் பங்கு பிரித்து, உனக்கு இதிலிருந்து இது வரை, உனக்கு அதிலிருந்து அது வரை என்று போனிலேயே கொடுத்துவிடுவாள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வாசித்தால் மொத்தப் புத்தகமும் சீக்கிரத்தில் முடிந்துவிடும். அதற்கு நோயாளியின் பெயரும் அவளைப் பெற்றவளின் பெயரும் வேண்டும். இன்னாரின் மகள் இன்னாள் என்று சொல்லிக் கேட்டால்தான் வேண்டுதல் சரியான ஆளுக்குப் போய்ச்சேரும்.

அல்ட்டேயின் அம்மா பெயர் பெரெலுக்குத் தெரியாது. அல்ட்டேயின் அக்கா தொய்பே வடக்கே ஸஃபேத் ஊரில் இருக்கிறாள் என்று தெரியும். எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள். தொய்பே தங்கையைப் பார்க்க வரப் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வேண்டுதலுக்குத் தங்கையின் பெயரும் அம்மா பெயரும் வேண்டும் என்றாள் பெரெல்.

"மெனுக்கா அல்ட்டே," என்றாள் தொய்பே. "ஷெய்ன்டெல் மகள்."

பெரெல் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அல்ட்டேன்னுதானே சொன்னாங்க..."

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் சம்பந்தியம்மா. அவ புருஷனுக்கே வேற தெரியாது."

அப்புறம் தொய்பே சொன்ன கதை இது. தங்கைக்கு இரண்டு வயசில் விஷக்காய்ச்சல். டாக்டர் கைவிரித்துவிட்டார். அப்பா ஜெபக்கூடத்துக்கு ஓடிப்போய், வேதப்பெட்டியின் முன்னால் நின்று பெயரை மாற்றிவிட்டு வந்தார். அல்ட்டே, அதாவது கிழவி. இரண்டு வயசுக் குழந்தை கிழவியாகும் வரை வாழட்டும் என்று. பழைய பெயரை வீட்டில் ஒருத்தர் உச்சரிக்கக் கூடாது என்று கட்டளை போட்டார். மரண தூதன் மெனுக்காவைத் தேடி வாசலுக்கு வந்தால், அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை என்று திரும்பிப் போக வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில், கல்யாண ஓலையில், எல்லாவற்றிலும் அல்ட்டேதான்.

"அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பேரை நான் வாயில எடுத்ததில்லை. ஆனா இன்னைக்குப் பாதிப் பேரை மட்டும் மேலே அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. ரெண்டையும் சொல்லிடுங்க," என்றாள் தொய்பே. பிறகு, கல்யாணப் பெண்ணுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன், அவள் பெயர் என்ன என்று கேட்டாள்.

உங்களுக்குப் பஸ் போய்விடப் போகிறது என்று சொல்லி, பெரெல் போனை வைத்துவிட்டாள்.

அடுப்படியில் நின்றபடியே நின்றாள். மாமியார் மெனுக்கா, மருமகள் மெனுக்கா. லைபிஷ் காதில் விழுந்தால் இன்றைக்கே முடிந்தது. விழாமல் தட்டும் உடைந்து, அல்ட்டே ஆபரேஷனில் போய்விட்டால்? அப்போது உண்மை வெளியே வந்தால், வந்த மருமகளின் பெயர்தான் மாமியாரை விழுங்கியது என்று ஊரே சொல்லும். மகள் தலையெடுக்கவே முடியாது.

மெனுக்கா என்றால் இளைப்பாறுதல். பெரெலின் அம்மா பெயர் அது. ஹங்கேரியில் தொடங்கி ஊர் ஊராக ஓடி, கடைசியில் இங்கே வந்தும் உட்கார நேரமில்லாமல் போய்ச்சேர்ந்தவள். அவள் இறந்து முதல் வருஷம் முடிவதற்குள் பெண் பிறந்தது, வேறு பெயரைப் பெரெல் யோசிக்கவே இல்லை. இப்போது அந்தப் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரை ஒட்டுவதா? ஒட்டினால்தான் லைபிஷ் ஒப்புக்கொள்ளப் போகிறாரா?

பெரெல் போனை எடுத்தாள். ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டாள். "அல்ட்டே, ஷெய்ன்டெல் மகள்," என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவும் அவள் பெயர்தானே, பொய் இல்லையே என்று ஒவ்வொரு முறை போனை வைத்த பிறகும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு தன் பங்கு சங்கீதத்தை வாசிக்க உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். உப்பு வாங்க வேண்டும் என்று கீழே கடைக்கு இறங்கிப் போனாள். வீட்டில் உப்பு இருந்தது.

மத்தியானம் அவளும் மெனுக்காவும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஹிர்ஷ் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து, கேக்கை எடுத்துக்கொண்டு வருவார். தட்டு துணியில் சுற்றிப் பெரெலின் மடிமேல் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெனுக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "நீ கடைக்குப் போயிருந்தப்போ தொய்பே பெரியம்மா மறுபடியும் கூப்பிட்டாங்கம்மா. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து. ரெண்டு பேரையும் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சான்னு கேட்டாங்க."

பெரெல் தட்டைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"எந்த ரெண்டு பேருன்னு கேட்டேன். சொன்னாங்க."

"இதப் பாரு," பெரெல் குரலைத் தாழ்த்தினாள், முன்சீட்டில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு. "அல்ட்டேங்கறதும் அவங்க பேருதான். காலம்பூரா அந்தப் பேர்லதான் இருந்திருக்காங்க. அதைச் சொன்னாப் போதாதா?"

"போதும்னா நீ ஏன் காலையிலேர்ந்து உன் பங்கைப் படிக்கலை?"

எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று முனகினாள் பெரெல். தெரியும் என்றாள் மெனுக்கா. வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"நான் எல்லாருக்கும் திரும்பப் போன் பண்ணிட்டேன். முழுப் பேரையும் சொல்லிட்டேன்."

"எல்லாருக்குமா? ஸ்லாத்தாவுக்கு?"

"அவங்களும்தானே படிக்கறாங்க. சொன்னேன். கேட்டதும் போனை வெச்சுட்டாங்க."

பெரெல் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்லாத்தாவின் காதில் விழுந்தது லைபிஷின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இந்நேரம் போயிருக்கும். இவளே, தன் வாயாலேயே, தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டுவிட்டாள். கோபத்தில் பெரெலுக்குக் காது சூடானது. "உனக்கு அந்தப் பையனைப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"பிடிச்சிருக்கும்மா," என்றாள் மெனுக்கா. "ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான். நாளைக்கு அவங்கம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா, வேண்டுதல்ல பாதிப் பேரை நாமதான் மறைச்சோம்னு எனக்குத் தெரியுமே. நான் எப்படி அவரு முகத்தைப் பார்ப்பேன்?"

பெரெல் மகளின் கையைப் பிடிக்கப் போனாள். தட்டு நழுவப் பார்த்தது, அதைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டில் அல்ட்டே தலைக்கு வெள்ளைத் துணி கட்டி, மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். ஒரே ராத்திரியில் ஆள் பாதியாகியிருந்தாள். லைபிஷும் செலிக்கும் சாட்சி சொல்ல வெளியாள் இரண்டு பேரைப் பிடித்துவரப் போயிருக்கிறார்கள் என்றாள். உதடு காய்கிறது, எங்கேயாவது ஐஸ் கிடைக்குமா பார் என்று மெனுக்காவை அனுப்பினாள்.

மகள் தலை மறைந்ததும் பெரெல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தொய்பே சொன்னது, தான் மறைத்தது, மகள் ஊருக்கே சொன்னது, ஸ்லாத்தா போனை வைத்தது. மென்று முழுங்காமல் சொன்னது இன்றைக்கு இதுதான் முதல் தடவை.

அல்ட்டே சிரிக்கப் பார்த்தாள். வலி இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு எனக்குத் தெரியாதா சம்பந்தியம்மா? உங்க பொண்ணு பேரை ஸ்லாத்தா சொன்ன அன்னைக்கே தெரியும். ஏதாவது சாக்குச் சொல்லி வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க மீன் வெச்சீங்க. எனக்குக் கண்ணு மங்கிப்போனது யாருக்கும் தெரியாது, என் பசங்களுக்கே தெரியாது. உங்க பொண்ணு என் பக்கத்துல உட்கார்ந்து, பேசிட்டே, என் தட்டுல இருந்த முள்ளை எல்லாம் எடுத்து ஓரமா வெச்சா. ஒரு வார்த்தை சொல்லலை. யாரும் பார்க்கவும் இல்லை. அப்புறம் எனக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வரலை."

பெரெலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"இல்லாம என்ன? வலி வந்ததிலேர்ந்து, அந்தப் பேருதான் என்னைத் தேடி வந்துடுச்சோன்னு நினைச்சு நினைச்சு நடுங்கறேன். அதனாலதான் சீக்கிரம் உடைச்சிடலாம்ங்கறேன். உடைஞ்சப்புறம் நானே அவருகிட்ட சொல்லிக்கிறேன். கூரை இடியற மாதிரி கத்துவாரு. ஆனா உடைஞ்ச தட்டை மீற மாட்டாரு. நான் போய்ட்டாலும் மீற மாட்டாரு."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. கிழவியாகற வரைக்கும் இருப்பீங்க."

"அதுக்குத்தானே பேரு வெச்சாரு எங்கப்பா," என்றாள் அல்ட்டே.

ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறையின் பெரிய கதவுக்கு வெளியே, முறை வரும் வரை காத்திருக்கும் இடத்தில் கட்டிலை நிறுத்தி, தடையைப் போட்டுவிட்டு ஓர் ஆள் உள்ளே போனான். சீக்கிரம் முடியுங்கள், கூப்பிட்டால் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

லைபிஷ் வந்தார். பக்கத்து வார்டில் உறவுக்காரரைப் பார்க்க வந்திருந்த இரண்டு பேரைச் சாட்சிக்கு இழுத்து வந்திருந்தார். அவர்கள் பழக்கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். செலிக் அம்மாவின் கால்மாட்டில் நின்றான், முகம் வெளுத்திருந்தது. மெனுக்கா ஐஸ் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். ஹிர்ஷ் ஒரு கையில் தேன் கேக்கும் ஒரு கையில் பாட்டிலுமாக மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். மான் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்ததே என்று பெரெலுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

பெரெல் லைபிஷின் முகத்தையே பார்த்தாள். தெரிந்துவிட்டதா? தெரிந்த மாதிரி இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிச்சய ஓலையை வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் அவர் கோட்டுப் பையில் போன் அடித்தது. கையை விட்டு அமுக்கிவிட்டு மேலே வாசித்தார். மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினார். எந்த முட்டாள் இந்த நேரத்தில் என்று எரிச்சலாகச் சொன்னார். அந்த முட்டாள் யார் என்று பெரெலுக்குத் தெரியும். ஸ்லாத்தா விடாக்கண்டி, எடுக்கிற வரை அடித்துக்கொண்டே இருப்பாள். லைபிஷ் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவர். அல்ட்டே கண்ணை மூடி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடியும் அடித்தது.

ஒருவழியாகக் கடைசி வரி வந்தது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். லைபிஷ் தலையசைத்தார்.

பெரெல் தட்டை எடுத்தாள். அல்ட்டே படுத்தபடியே கையை நீட்டி ஓர் ஓரத்தைப் பிடித்தாள், மறு ஓரத்தைப் பெரெல் பிடித்தாள். கட்டிலுக்கு வெளியே, தரைக்கு மேலே, நீல ஓரத் தட்டு துணிக்குள் நின்றது.

"மெனுக்கா."

நடையின் கோடியில் பயணப்பையோடு ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து நேராக வந்தவள். கட்டிலையும் கதவையும் பார்த்துவிட்டு, தங்கையை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள் என்ற பதற்றத்தில், சின்ன வயசில் தொட்டிலுக்கு மேலே குனிந்து கூப்பிட்ட பெயர் அவள் வாயில் தானாக வந்துவிட்டது. அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"வந்துட்டியா தொய்பே," என்றாள் அல்ட்டே, கட்டிலில் இருந்து.

"இங்க இருக்கேன்," என்றாள் மெனுக்கா, ஜன்னல் பக்கமிருந்து.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. லைபிஷ் திரும்பி மனைவியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மைத்துனியைப் பார்த்தார்.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

அதற்குள் பெரிய கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஆள் வந்து, குனிந்து, கட்டிலின் தடையை எடுத்தான்.

பெரெல் தட்டை விடவில்லை. விட்டால் பாவம், விடாவிட்டாலும் பாவம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அல்ட்டே கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தாள். அந்த மெலிந்த கை தட்டைக் கீழ்நோக்கி ஓர் அழுத்து அழுத்தியது. பெரெலின் பிடியிலிருந்து தட்டு நழுவி, தரையில் விழுந்து உடைந்தது.

"மஸல் தோவ்," என்று உரக்க வாழ்த்துச் சொன்னார் ஹிர்ஷ். ஒருவரும் கூடச் சேராததால் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கட்டில் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

லைபிஷ் குனிந்து துணியை விலக்கினார். நாலைந்து பெரிய துண்டும் நிறையச் சில்லுகளும் இருந்தன.

"இது விழுந்துச்சா, உடைச்சீங்களா?" என்று கேட்டார். பெரெலைத்தான் கேட்டார். தட்டைப் பிடித்திருந்த இன்னொருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

உடைத்தோம் என்று சொன்னால் மகளின் வாழ்க்கை நிலைத்துவிடும். ஒரு வார்த்தை போதும். பெரெல் மகளைப் பார்த்தாள். மெனுக்கா ஐஸ் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன்," என்றாள் பெரெல். "அவங்கதான் அழுத்தினாங்க. என் முகத்தைப் பார்த்துட்டே அழுத்தினாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே தெரியும்."

லைபிஷ் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. எழுந்து, மூடிய கதவின் முன்னால் போய் நின்றார். கோட்டின் உள்பையிலிருந்து சின்ன சங்கீதப் புத்தகத்தை எடுத்து விரித்தார். உதடு அசைந்தது. அல்ட்டே என்று சொல்லப்போனவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"அவ பேரு," என்றார், யாரையும் பார்க்காமல். "முழுசா என்ன?"

தொய்பே அழுகையில் வாய் திறக்க முடியாமல் இருந்தாள். காலையில் அந்தப் பெயரை மறைத்த பெரெல் மகளைப் பார்த்தாள். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"மெனுக்கா அல்ட்டே. ஷெய்ன்டெல் மகள்."

லைபிஷ் திரும்பி அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். பையில் போன் மறுபடி அடித்தது. எடுத்து, யாரென்று பார்க்காமலேயே அணைத்து, செலிக்கின் கையில் கொடுத்தார். பிறகு கதவின் பக்கம் திரும்பிக்கொண்டு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் ஒரு நாளும் சொல்லாத பெயரைச் சொன்னார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை எல்லாருக்கும் கேட்டது.

பெரெலும் தன் புத்தகத்தைத் திறந்தாள். காலையிலிருந்து திறந்து திறந்து மூடிய பக்கம்தான். இந்த முறை நிற்காமல் வாசித்தாள். உள்ளேயிருந்து இன்னும் ஒரு சேதியும் வரவில்லை. காலடியில் நீல ஓரத் துண்டுகள் அப்படியே கிடந்தன. ஸ்லாத்தாவுக்கு என்று அதில் ஒன்றை எடுக்கலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.